முதலாளியின் முதல் யாருடையது? கண்டிச் சந்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டி மத்திய சந்தையில் நின்று "முதலாளி!" என்று உரக்கக் கூப்பிட்டால் மரக்கறிக்காரர், பழக்கடைக்காரர், மூட்டைகளுக்கு நடுவே கண்ணயர்ந்தவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலை ஆள்பவர் முதலாளி. அப்படியானால் இத்தனை முதல் கண்டிக்கு எங்கிருந்து வந்தது?

சொல்லாராய்ச்சியில் தொடங்குவதே மரபு. தமிழின் 'முதல்' சிங்களத்துக்குப் போய் வெறும் பணம் என்றாகிவிட்டது. போட்டது, எடுத்தது, இரவல் வாங்கியது என்ற பேதமெல்லாம் வழியில் உதிர்ந்துபோயின. 'முதலாளி'யும் கூடவே போய்க் கடைக்காரர் ஆனார். 'சல்லி'யின் யோகம் இதைவிடப் பெரிது. தமிழகத்தில் ஒன்றுக்கும் உதவாததைச் சல்லிக்காசு பெறாது என்பார்கள். கண்டியிலோ இரு மொழியிலும் சல்லி என்றால் பணமேதான். கடல் கடந்து இந்த மலைக்கு வந்தவற்றில் மதிப்புக் கூடியது சல்லி ஒன்றுதான் போலும்.

அடுத்தது வரலாறு. கோப்பிக் காலத்துத் துரைமார் பலர் கொழும்பு ஏஜென்சிக் கம்பெனிகளிடம் கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள். துரை கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார். கங்காணி அதைக் கொண்டு தமிழகத்தில் ஆள் கட்டி வந்து, வழிச்செலவையெல்லாம் அந்த ஆளின் பேரிலேயே எழுதினார். மேலே இருந்தவரெல்லாம் கீழே இருந்தவருக்கு முதலாளி. அடியில் இருந்தவர் மட்டும் கடன்காரர். அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குப் பெயர் துண்டு. வேறொரு தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் அங்கே மாறலாம். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சொல்லை ஒழிக்க முடியவில்லை: அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் 'துண்டு விழும் தொகை' இன்றும் வருகிறது. இரண்டு துண்டும் ஒரே துணியா என்பதை மொழியியலாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

இனிக் களஆய்வு. காலையில் கடனுக்குச் சரக்கு இறக்கி, விற்று, மாலையில் காசு கொடுக்கும் கடைக்காரரிடம் முதல் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். குரலைத் தாழ்த்தி, "பின்னால ஆள் இருக்கு" என்பார். அந்த 'ஆள்' யார், உறவா, வட்டிக்காரரா, எதுவும் வராது. பணம் போடுகிறவருக்கு ஊரில் பட்டம் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கே பட்டம். ஆகவே, பிறர் முதலை ஆள்பவர் முதலாளி என்று அகராதியில் திருத்தம் செய்வதே நேர்மை.

இந்த ஆய்வை விரித்து நூலாக்க எண்ணம் உண்டு. முதல் போட விரும்பும் வாசகர்கள் முன்வரலாம். அட்டையில் 'அனுசரணையாளர்' என்று அவர்கள் பெயரைப் போட்டுவிடுகிறேன். முதலாளி என்ற பட்டம் மட்டும் எனக்கே.