பூட்டு செய்தவர்களின் சாவிக்கொத்து

எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினாலும் முதல் வரவேற்பே ஓர் அதட்டல்தான். ஒரு பெரிய எழுத்து வை, ஓர் எண் வை, ஆச்சரியக்குறி மாதிரி ஏதாவது வை, போன தடவை வைத்ததை மட்டும் வைக்காதே! நாமும் கைகட்டி நின்று சொன்னபடி செய்துவிட்டு, அரை மணி நேரத்தில் மறந்துவிடுகிறோம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மேதைகளுக்காவது விவரம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த மேதைகளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். அப்படியொன்றும் கோயில் இல்லை.

1960களின் தொடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்ற விஞ்ஞானி, ஒரே ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி கண்டுபிடித்தார். சிடிஎஸ்எஸ் என்று பெயர். ஒரு மெஷினில் பல பேர் ஃபைல் வைத்தால் என்ன ஆகும்? ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் நோண்டுவார். அதிலும் வந்து உட்காருவதெல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள்! ஆகவே ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார் கோர்பட்டோ. விஷயம் முடிந்தது என்றும் நினைத்தார். மனுஷர் அப்பாவி.

ஆலன் ஷெர் என்று ஒரு பிஎச்.டி. மாணவர். வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் என்று அவருக்கு ரேஷன். ஆராய்ச்சிக்கு அது எந்த மூலைக்கு? யோசித்தார். அவர் இரவில் கள்ளத்தனமாகக் கணினிக்குள் நுழைந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஃபைலை பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் துளைபோட்டுக் கொடுத்தால் எடுத்து வைத்துவிடுவார்கள், அது அங்கே நடைமுறை. 1962 வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாஸ்வேர்டு ஃபைலின் பெயரைப் போட்டு அட்டையைக் கொடுத்தார் ஷெர். சனிக்கிழமை காலை போனால் எல்லோருடைய பாஸ்வேர்டும் சுடச்சுட அச்சாகிக் காத்திருந்தது. கம்ப்யூட்டர் சரித்திரத்தின் முதல் பாஸ்வேர்டு திருட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள். விண்ணப்பம் போட்டு நடந்த திருட்டு!

தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஷெர் அந்தப் பட்டியலை நாலு பேருக்குத் தானமும் செய்தார். பாவத்தைப் பங்குபோடும் பழைய உத்தி. வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஜே.சி.ஆர். லிக்லைடர். சாதாரண ஆள் இல்லை. உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று 1963-இல் கனவு கண்டு குறிப்பு எழுதியவர், இன்டர்நெட்டுக்கே தாத்தா முறை. அப்பேர்ப்பட்டவர் பட்டியலை என்ன செய்தார்? ஆய்வகத் தலைவர் ராபர்ட் ஃபானோவின் கணக்குக்குள் நுழைந்து, அவரைச் சீண்டிச் செய்தி எழுதிவைத்துவிட்டு வந்தாராம்! ஃபானோவும் லேசுப்பட்டவர் இல்லை, தகவல் கோட்பாட்டில் பெரிய தலை. இன்டர்நெட்டின் தாத்தா, தகவல் மேதையின் கணக்கில் கிறுக்கிவிட்டு ஓடுகிறார். பள்ளிக்கூடக் கழிவறைச் சுவர் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

ஷெர் சுமார் கால் நூற்றாண்டு வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் கோர்பட்டோவிடம் உண்மையைச் சொன்னார். பட்டத்தைப் பிடுங்க மாட்டோம் என்று அவர் அபயம் கொடுத்தாராம். எப்படிப் பிடுங்குவார்கள்? கம்ப்யூட்டர்களின் செயல்திறனை அளந்து சொன்னதற்காக ஷெருக்கு 1975-இலேயே கிரேஸ் ஹாப்பர் விருது கொடுத்துக் கைதட்டியாகிவிட்டது. ரேஷனுக்கு மேல் எடுத்த மணி நேரத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை.

சரி, இது ஒருத்தர் செய்த குறும்பு. 1966-இல் நடந்ததற்கு என்ன சொல்ல? அதே சிடிஎஸ்எஸ். நிர்வாகிகளில் ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் திருத்துவார் என்று நம்பி, எடிட்டருக்குள் ஒரே ஒரு தற்காலிக ஃபைலைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டும் இடம் மாறிப்போயின. அப்புறம் லாகின் செய்தவர்களுக்கெல்லாம் வரவேற்புக்குப் பதிலாக ஊர் முழுக்க இருக்கும் பாஸ்வேர்டுகள் வரிசையாக டைப்பாகி வந்தன. அட்டை வேண்டாம், துளை வேண்டாம், வெள்ளிக்கிழமை ராத்திரி வேண்டாம். ஷெர் பாவம், நாலு வருஷம் அவசரப்பட்டுவிட்டார்.

ஆனால் கோர்பட்டோவைப் பாராட்ட வேண்டும். டியூரிங் விருது வாங்கியபோது நிகழ்த்திய உரையில் இந்தக் கதையைத் தானே சொன்னார். நம் ஊரில் விருது மேடை ஏறியவர் இப்படித் தன் மானத்தைத் தானே வாங்கியதாக நினைவில்லை. 2014-இல், பாஸ்வேர்டு என்பதே ஒரு பயங்கரக் கனவாகிவிட்டது என்று பேட்டியும் கொடுத்தார். அவருடைய பாஸ்வேர்டுகளை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? தாளில். மூன்று பக்கம், டைப் அடித்து.

அடுத்த தலைமுறை பெல் லேப்ஸில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைச் செய்த ஜாம்பவான்கள். இவர்கள் பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதை நிறுத்தினார்கள். ஒரு கணக்கில் போட்டு அரைத்து, அரைத்ததை மட்டும் வைத்தார்கள். இட்லி மாவைப் பார்த்து எந்தக் கடை அரிசி என்று சொல்ல முடியாதல்லவா, அந்த ஏற்பாடு. 1979-இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜனங்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்து ஆராய்ந்தால், 15 பேர் வைத்திருந்தது ஒற்றை எழுத்து. 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. மொத்தத்தில் 86 சதவீதத்தைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட முடிந்தது. ஒற்றை எழுத்தில் என்ன சார் ரகசியம்? அதையும் மறந்துவிட்டு வந்து நின்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இப்படி ஊரார் லட்சணத்தைக் கணக்கெடுத்த கோஷ்டியின் சொந்த லட்சணம் என்ன? 1980 வாக்கிலான ஒரு பாஸ்வேர்டு ஃபைல், பழைய யூனிக்ஸ் கோப்புகளோடு அப்படியே கிடந்தது. சில ஆர்வலர்கள் அதை உடைத்து, 2019-இல் கடையை விரித்தார்கள். சி மொழியைத் தந்த டென்னிஸ் ரிச்சி, தன் பெயரிலிருந்தே நாலு எழுத்தைக் கிள்ளி வைத்திருந்தார். அதே கோஷ்டியின் ஸ்டீவ் போர்ன் வைத்திருந்தது ‘போர்ன்’. ஆமாம், அவர் பெயரேதான்! நிரல் எழுதுவது எப்படி என்று உலகத்துக்குப் பாடப்புத்தகம் எழுதிய பிரையன் கெர்னிகன், கீபோர்டின் வலது மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று பொத்தான்களைத் தட்டி, அதையே மறுபடி தட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறார். காபி ஆறியிருக்கும், அவசரம்.

தாக்குப்பிடித்தது கென் தாம்சனுடையது. நவீன கிராஃபிக்ஸ் கார்டே நாலு நாளுக்கு மேல் மூச்சு வாங்கித்தான் அதை உடைத்தது. உள்ளே இருந்தது ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் செஸ் தொடக்க நகர்வு. செஸ் விளையாடும் மெஷினே கட்டியவர் அவர். வேறு எதை வைப்பார்? செய்தி கேட்டதும் ஒரே வார்த்தையில் வாழ்த்துச் சொல்லிவிட்டார். ரிச்சியின் நாலு எழுத்துக்கு முன்னால் நாலு நாள் தாக்குப்பிடித்த பெருமிதம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்திருக்கும்.

அதே பட்டியலில் பெர்க்லியில் படித்த ஓர் இளைஞர்: எரிக் ஷ்மிட். பாஸ்வேர்டு, மனைவியின் பெயர். பின்னால் மூன்று ஆச்சரியக்குறி. காதலுக்கு மூன்று, பாதுகாப்புக்குப் பூஜ்யம். பிற்பாடு இவர்தான் கூகுளின் தலைவர். 2005-இல் சிநெட் செய்தித் தளத்தின் நிருபர் ஒருவர் அரை மணி நேரம் கூகுளிலேயே தேடி, ஷ்மிட்டின் சொத்து மதிப்பு, குடியிருக்கும் பகுதி, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டுரையில் போட்டார். கூகுளின் மகிமைக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? ஆனால் கூகுள், சிநெட்டோடு ஒரு வருஷத்துக்குப் ‘பேச்சு வார்த்தை கிடையாது’ என்று முறுக்கிக்கொண்டது. 2009-இல் அதே ஷ்மிட் டிவியில் வந்து, யாருக்கும் தெரியக் கூடாத காரியம் இருந்தால் அதைச் செய்யாமலே இருக்கலாமே என்று நமக்கு உபதேசம் பண்ணினார்.

அந்த 1979 கட்டுரை எழுதிய மாரிஸ் பிறகு என்.எஸ்.ஏ.வில், அதாவது அமெரிக்க ஒற்றுப் பிரிவில், கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குத் தலைமை விஞ்ஞானியானார். வீட்டில் ஒரு மகன், அவர் பெயரும் ராபர்ட். 1988 நவம்பர் 2 அன்று மகன் இன்டர்நெட்டில் ஒரு புழுவை, அதாவது தானாகவே மெஷின் விட்டு மெஷின் பரவும் நிரலை, அவிழ்த்துவிட்டார். அதன் வேலைகளில் ஒன்று பாஸ்வேர்டு ஊகிப்பது. ஜனங்கள் வைக்கக்கூடியவை என்று 432 வார்த்தைகளைப் பொட்டலம் கட்டி உள்ளே வைத்திருந்தார். அப்பாவின் ஆராய்ச்சி வீட்டிலேயே நன்றாகப் பரவியிருக்கிறது!

ஏற்கெனவே புழு புகுந்த மெஷினில் மறுபடி புகக் கூடாது என்றுதான் திட்டம். ஆனால் யாராவது ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று பொய் சொல்லிவிட்டால்? அதனால் ஏழு தடவைக்கு ஒரு தடவை கேட்காமல் புகு என்று எழுதிவைத்தார். புழுவின் மேல் புழு ஏறி மெஷின்கள் மூச்சுத்திணறின. பயந்துபோய், எப்படி நிறுத்துவது என்ற குறிப்போடு நண்பர் மூலம் ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினார். அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. நெட்வொர்க்கைத்தான் புழு அடைத்துக்கொண்டிருக்கிறதே! கோர்ட் தண்டனையும் அபராதமும் போட்டது. பிற்பாடு பேராசிரியர் ஆனார். எங்கே என்கிறீர்கள்? எம்.ஐ.டி.யில்.

பெரிய எழுத்து, எண், விசேஷக் குறி என்ற அதட்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் ஆள் உண்டு. பில் பர் என்ற அமெரிக்க அரசு அதிகாரி 2003-இல் எழுதிய வழிகாட்டிதான் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. 2017-இல், ஓய்வு பெற்ற பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். அரசாங்கமும் விதியை மாற்றிவிட்டது. நம் ஆப்களுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை.

வெளிநாட்டுக்காரர்களையே கிண்டல் பண்ணுவது நியாயம் இல்லை. 2018 ஜூலையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் தலைவர் ஆர்.எஸ்.சர்மா, முன்பு ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்தவர், தன் ஆதார் எண்ணையே ட்விட்டரில் போட்டு, முடிந்தால் இதை வைத்து எனக்குத் தீங்கு செய்யுங்கள் பார்ப்போம் என்று தொடை தட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஃபோன் நம்பர், பிறந்த தேதி என்று வரிசையாக வந்து விழுந்தன. இதெல்லாம் ஏற்கெனவே பொதுவெளியில் கிடந்தவைதான், ஆதாரிலிருந்து எதுவும் போகவில்லை என்றது ஆணையம். ஒரு புண்ணியவான் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டுப் போனார். தீங்கு ஒன்றும் இல்லையே என்று சர்மா கடைசிவரை அசையவில்லை. ஒரு ரூபாய் லாபம்தானே, அவர் சொன்னதும் சரி.

2021-இல் ஃபோன் நம்பரையும் அடையாள அட்டையையும் கொடுத்துத் தடுப்பூசிக்குப் பதிவுசெய்தோமே, கோவின் தளம், அதை யார் பொறுப்பில் விட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம்ம சர்மா சார்தான்!