ஒரு பல் கூட, ஒரு பல் குறைய

சாமராஜநகர் ரதவீதியில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார்கள். தெரியாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். "தம்பி, உங்க வண்டியில முன்னாடி எத்தனை பல்லு?" என்று ஆரம்பிப்பார். யாருக்குத் தெரியும்? தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிடுவார்.

இந்த ஊருக்கு அரசியலில் ஒரு பெயர் இருந்தது. இங்கே கால் வைக்கும் முதலமைச்சருக்குப் பதவி போய்விடும் என்று நம்பி, பல ஆண்டுகள் பலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கர்நாடக முதலமைச்சராகச் சித்தராமையா திரும்பத் திரும்ப வந்து அந்தப் பயத்தை உடைத்தார். முதலமைச்சர்களுக்கு ஆபத்து நீங்கியது. ஞாயிற்றுக்கிழமை டயருக்குக் காற்றுப் பிடிக்க வருகிறவர்களுக்கு இன்னும் நீங்கவில்லை.

அவருடையது எஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிள். 248.5 சி.சி., டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவர். அதைத் தயாரித்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை மைசூரு யாதவகிரியில் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கி, 1996-இல் கதவை மூடியது. மூடியதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. போன மாதம்தான் லீவு விட்டதுபோலப் பேசுவார். ஊர் உலகத்தில் எஸ்டி வைத்திருப்பவர்கள் பெயின்ட் பற்றியும் குரோம் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். இவருக்கு அதெல்லாம் வெளிவேஷம். செயின் ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கை ஒன்றுதான் விஷயம்.

கணக்கு என்னவோ எளிதுதான். முன்னால் 18 பல், பின்னால் 46 பல் என்றால், பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் ஸ்பிராக்கெட் 2.56 சுற்று சுற்ற வேண்டும். முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 17 போட்டால் அது 2.71 ஆகும். வண்டி மேட்டில் துள்ளி ஏறும். ஆனால் முன்பு 3,400 சுற்றில் ஓடிய வேகத்துக்கு எஞ்சின் இப்போது 3,600 சுற்ற வேண்டும். ஒரு பல்லைக் கூட்டி 19 போட்டால் சமவெளியில் எஞ்சின் நிதானமாக ஓடும், மேட்டில் திணறும். முன்னால் ஒரு பல் குறைப்பதும், பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதும் ஒன்று. இவ்வளவுதான் சமாச்சாரம். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம். அவர் முடிக்க மாட்டார்.

"மைசூர் ரோட்டுக்கு 19. திம்பம் மலைக்கு 17. சரிதான். ஆனா தினசரி ஓட்டற வண்டிக்கு?" என்று நிறுத்தி, எதிராளி முகத்தைப் பார்ப்பார். அந்த 'தினசரி' என்னவென்று ஊருக்கே தெரியும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு. நடுவில் சாமராஜேஸ்வரர் கோயில், காய்கறி வண்டிகள், ஒரு பள்ளிக்கூடம், எண்ண முடியாத ஹம்ப்புகள். நாலாவது கியரே விழாத பாதை. அதில் 17 போட்டாலும் 19 போட்டாலும் குறுக்கே வரும் மாட்டுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

இருந்தாலும் மாற்றுவார். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று. மச்சான் ஊரிலிருந்து வந்து பின்னால் உட்காரப்போகிறார் என்றால் அவர் எடைக்கு ஒன்று. 17-க்கு அவர் சொல்லும் சிறப்புக் காரணம், அது பகா எண் என்பது. ஒரே பல் ஒரே கண்ணியைத் திரும்பத் திரும்பக் கடிக்காது, தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்காகும். உண்மைதான். ஆனால் தேய்வதற்கு அவர் எந்த ஸ்பிராக்கெட்டையும் அவ்வளவு நாள் விட்டுவைத்ததில்லை. சத்தியமங்கலத்திலிருந்து வந்து இங்கே பட்டறை போட்டிருக்கும் மெக்கானிக் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டார்: "ஏனுங்ணா, வண்டி ஓடித் தேயறதைவிட நான் கழட்டி மாட்டித் தேயறதுதானுங்க ஜாஸ்தி. ஒரு மாசம் உட்டுப் பாருங்களேன்." அவர் யோசித்தார். "ஒரு மாசம் ஓட்டினாத்தான் 18-ஓட உண்மையான குணம் தெரியும்னு சொல்றே, இல்லையா?" என்றார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

19 பல் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் அலைந்து வாங்கி வந்து மாட்டி, நஞ்சன்கூடு ரோட்டில் வேகம் பார்க்கக் கிளம்பினார். ஒரு பல் கூடினால் அதிகபட்ச வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்பது காகிதக் கணக்கு. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தியோ, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். எதிர்க்காற்று அடித்தது. எஞ்சின் தன் நல்ல சுற்றை எட்டாமலே மூச்சு வாங்கியது. கடைசியில் மூன்றாவது கியரில் போட்டுத்தான் ஒரு டெம்போவை முந்தினார். திரும்பி வந்து, "நாலாவது கியரை எதிர்காலத்துக்கு ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றார்.

மேட்டுக்கென்று 17 போட்ட கதை இன்னும் மோசம். ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா, 1,454 மீட்டர். அதற்காகவே இரண்டு நாள் முன்னதாகப் பல் மாற்றி, செயினை இழுத்துக் கட்டி, விடியற்காலையில் போனார். அடிவாரத்தில் வனத்துறைக்காரர் கையைக் காட்டினார். தனியார் வண்டிகளுக்கு மேலே அனுமதியில்லை. எல்லோரும் அரசு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். ஏறினார். பெருமாளைச் சேவித்தாரோ இல்லையோ, டிரைவர் பக்கத்தில் நின்று, பின் ஆக்ஸில் ரேஷியோ என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். கண்டக்டர் அவரை இரண்டு தடவை பின்னால் போகச் சொன்னார்.

இது இவருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. கார் வந்தபோது, பின் ஆக்ஸிலில் 3.23-ஓடு திருப்திப்படுவதா, 3.90 வரை போவதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். சிக்னலிலிருந்து பாய எண் பெரிதாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் காது பிழைக்க அது சிறிதாக இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அதோடு வாழ்ந்தாக வேண்டும். காரின் பின் ஆக்ஸிலைப் பிரித்து கிரௌன் வீலும் பினியனும் மாற்றுவது பெருஞ்செலவு. இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் ஊளையிடும். செலவு அவர்களைத் திருத்தியது. ஸ்பிராக்கெட் மலிவு. அதுதான் நம்முடைய கஷ்டகாலம்.

அவருடைய அலமாரியில் ஸ்பிராக்கெட்டுகள் எண்ணெய்க் காகிதம் சுற்றி, பல் வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழ்த் தட்டில்தான் மனைவியின் பட்டுப்புடவைகள். இந்த ஏற்பாடு எப்படி இன்னும் நீடிக்கிறது என்பது விளங்கவில்லை.

ஆனால் ராத்திரி நேரத்தில் நடுவழியில் யாருடைய செயினாவது அறுந்தால், ஊரில் முதலில் போன் போவது அவருக்குத்தான். பையில் லிங்க், கண்ணியைத் தட்டும் ஊசி, டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார். காசு வாங்க மாட்டார். சாலையோரத்தில் மண்டியிட்டு மாட்டிக்கொடுத்துவிட்டு, இதை ஒரு பல் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்வார். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினத்துக்கு வண்டிகள் கூடும் இடத்தில், பழைய தொழிற்சாலைத் தொழிலாளி யாரையாவது பார்த்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். அவர் பேசாமல் நிற்பதை அங்கே மட்டும்தான் பார்க்கலாம்.

அதெல்லாம் சரி. அந்த வண்டியின் பின் விளக்கு எரிவதில்லை. பல மாதமாக எரிவதில்லை. பின் பிரேக் ஷூ தேய்ந்து, மிதித்தால் இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் வருகிறது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு எஞ்சின் பிடிமானம் சொற்பம். ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டே இறங்கினால் பெட்ரோலோடு கலந்து போகிற ஆயிலும் எஞ்சினுக்குப் போதாமல் போகும். அப்படிப்பட்ட சாலையில் கரும்பு லாரிகளுக்கு நடுவே, பின் விளக்கும் பிரேக்கும் இல்லாமல், மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒருவர் இறங்கப் பார்க்கிறார். அவர் கவலையெல்லாம் 17-ஆ 18-ஆ என்பது. ஒரு பல்புக்கும் ஒரு ஜோடி ஷூவுக்கும் சேர்த்து ஆகும் காசு, அவர் வாங்கிய கடைசி ஸ்பிராக்கெட்டின் விலையை எட்டாது. சொன்னால், "அது சின்ன வேலை, எப்ப வேணாப் பண்ணிக்கலாம்" என்கிறார். அவர் பேச்சைக் கேட்டுப் புது பைக்குகளில் பல் குறைத்துக்கொண்ட பையன்கள் இப்போது பெட்ரோல் பங்கில் நின்று மைலேஜ் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் பிரேக்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லித்தரவில்லை.

பண்ணாரி கோயில் குண்டம் திருவிழாவுக்குப் போகிறோம் என்று இந்த வருஷமும் வீட்டில் சொல்லிவைத்திருந்தார். போகும்போது திம்பம் இறக்கம், வரும்போது ஏற்றம். ஆகவே போவதற்கு 18, வருவதற்கு 17. அடிவாரத்திலேயே மாற்றிக்கொள்ள சாமான்களை மூட்டை கட்டினார். முதல்நாள் மாலை மெக்கானிக்கிடம் போய், 18-ஐ ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். கழற்றியபோது செயின் லிங்க் ஒன்று தேய்ந்திருப்பது தெரிந்தது. அதற்கு லிங்க் தேடி மைசூருக்கு ஆள் அனுப்பினார். மனைவி மறுநாள் சத்தியமங்கலம் பஸ்ஸைப் பிடித்து, குண்டம் பார்த்து, இரவே வீடு திரும்பிவிட்டார். அவர் திண்ணையில் மூட்டை கட்டிய சாமான்களோடு உட்கார்ந்து, "பஸ் மேட்டுல எந்த கியர்ல ஏறிச்சு, கவனிச்சியா?" என்று கேட்டார்.