பழைய எண் 12, புதிய எண் 27

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரண்டு எண்கள். எங்களுடையது பழைய எண் 12, புதிய எண் 27. எண் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் பழைய தகட்டை யாரும் கழற்றவில்லை. தபால்காரருக்குப் புதிய எண், பால்காரருக்குப் பழைய எண். சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்கு எந்த எண்ணும் வேண்டாம், "ஊறுகாய் வீடு" என்றால் போதும். இந்த இரட்டை எண் கூத்தைப் பார்த்துப் பல வருஷம் தலையில் அடித்துக்கொண்டவன் நான். போன ஆவணியிலிருந்து அடித்துக்கொள்வதில்லை.

என் மனைவி ஊறுகாயும் பொடியும் போட்டு விற்கிறாள். ஆதம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீடு, சமையலறைதான் தொழிற்சாலை. நான் வங்கியில் ஓய்வு பெற்றவன். கம்பெனியில் எனக்கு மூன்று பொறுப்புகள்: பாட்டிலுக்கு மூடி போடுவது, கேன் தண்ணீரைத் தூக்கி வைப்பது, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது. முதல் இரண்டில் எனக்கு நல்ல பெயர்.

வெப்சைட் ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே கட்டியது. கட்டியது என்று சொல்லக்கூடாது, இழுத்துப் போட்டது. மவுஸால் ஒரு பெட்டியை இழுத்து இங்கே வை, இன்னொன்றை இழுத்து அங்கே வை, கடை ரெடி. முதல் வருஷம் வாடகை ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்புறம் வீட்டுக்காரர் கதைதான். குடிபோன புதிதில் காபி கொடுத்து உபசரிப்பார். மூன்றாம் வருஷம் மோட்டாருக்குத் தனி என்பார். ஆறாம் வருஷம், உங்கள் திட்டத்தை நிறுத்திவிட்டோம், புதிய திட்டம் இரண்டு மடங்கு, டாலரில், என்று ஒரு மெயில் வந்தது. அடியில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு.

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் அக்கா பையனைக் கேட்டேன். "வேற பிளாட்ஃபார்முக்கு மாத்திடலாம் மாமா. ரெண்டு நாள் வேலை" என்றான்.

பிளாட்ஃபார்ம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது எக்மோர்தான். வண்டி வேறு பிளாட்ஃபார்மில் வருகிறது என்று கடைசி நிமிஷத்தில் அறிவிப்பார்கள். மூட்டை முடிச்சோடு, முழங்கால் வலியோடு, படி ஏறி இறங்கி ஓடவேண்டும். இது அப்படி இல்லை என்றான் பையன். அப்படியேதான் இருந்தது.

முதல் தடை ஆடி. ஆடியில் யாராவது கடை மாற்றுவார்களா என்றாள் மனைவி. "சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு மாமி, அதுக்கு ஏது ஆடி" என்றான் பையன். "பாட்டில் ஆதம்பாக்கத்துல இருக்கே" என்றாள். பதில் இல்லை. ஆவணி பிறந்து ஒரு புதன்கிழமை நல்ல நேரத்தில் லேப்டாப் முன்னால் பால் காய்ச்சினோம். பொங்கியது. கீபோர்டைத் துடைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

பழைய இடத்திலிருந்து சாமான்களை மொத்தமாக ஒரு ஃபைலில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் 43 சரக்கும் அதில் வந்து இறங்கின. ஆசையாக ஷீட்டில் திறந்து பார்த்தேன். தமிழைக் காணோம்.

தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ. அதன் பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஒரு ஆர், டிரேட்மார்க் பதிவு செய்த கம்பெனிகள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்களே, அந்த முத்திரை. எங்கள் ஊறுகாய்க்கு டிரேட்மார்க் விண்ணப்பமே இன்னும் போடவில்லை. இங்கே மாவடு என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து முத்திரை! மாவடு உப்பில் கிடந்தால் சுருங்கும், அதுதான் அதன் அழகு. இதுவோ மூன்றெழுத்திலிருந்து பதினாலு குறியாக ஊதியிருந்தது.

அந்த ஃபைலுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகத்தான் உட்கார்ந்திருக்குமாம். படிக்கிற மென்பொருளுக்கு இது யுனிகோடு என்று யாரும் சொல்லாவிட்டால், மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்தாக வாசித்துவிடும். பையன் ஒரே நிமிஷத்தில் சரிசெய்தான். ஆனால் அதற்கு முன் அரைநாள் அந்தக் குப்பையை நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கிப் பழக்கம், தாளில் எது இருந்தாலும் டேலி பண்ணத் தோன்றும். பார்க்கப் பார்க்க ஒரு ஒழுங்கு தெரிந்தது. லகரம் வரும் இடத்தில் மேலே ஒரு குட்டி 2. ளகரம் வரும் இடத்தில் குட்டி 3. ழகரத்துக்கு வெறும் ஒரு கீறல். சென்னையில் அதற்கு அவ்வளவுதான் மரியாதை என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ‘மா’வில் வருகிற துணைக்கால் இருக்கிறதே, அந்தக் கால் வரவேண்டிய இடத்திலெல்லாம் ¾ என்று இருந்தது. கால், முக்கால் ஆகியிருந்தது! நான் சிரித்த சிரிப்பில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். விளக்கினேன். "இதுக்கா?" என்று திரும்பிப் போனாள். தமிழாசிரியர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய ஆட்கள் இதைவிட அதிகம் பட்டவர்கள். ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில், 1999-இல் சென்னையில் தமிழ்இணைய மாநாடு கூட்டி டாம், டாப் என்று பொதுத் தரம் வகுத்தார்கள். தமிழக அரசு யுனிகோடை முறையாக ஏற்றது 2010-இல்தான். அதுவரை ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குத் தமிழ்க் கடிதம் போனால் கூடவே எழுத்துருவும் போகவேண்டும், மாப்பிள்ளையோடு தோழன் மாதிரி.

அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். 14 இலக்கம், ஒரு இலக்கம் பிசகக்கூடாது. ஷீட் அதை 2.24 என்று சுருக்கி, பக்கத்தில் ஒரு ஆங்கில இ போட்டு, பத்தின் 13-ஆம் அடுக்கு என்று குறித்து வைத்திருந்தது. நட்சத்திரங்களுக்கு உள்ள தூரத்தை அப்படி எழுதலாம். எலுமிச்சை ஊறுகாய்க்கு எழுதினால் அதிகாரி ஒத்துக்கொள்வாரா?

படங்கள் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஃபைலில் படம் எதுவும் கிடையாது, படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான். புதிய கடையில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரிந்தது, உண்மையில் அவை பழைய கடையிலிருந்தே வந்துகொண்டிருந்தன. எனக்கு அது தெரியாது. இன்னும் ஒரு மாசம் எதற்கு வாடகை என்று மறுநாளே பழைய கணக்கை மூடினேன். சாயங்காலம் 43 சரக்குக்கும் கிழிந்த காகித அடையாளம். மூன்று நாள் மொட்டை மாடியில் என் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, பாட்டில் பாட்டிலாக வைத்து மறுபடி படம் எடுத்தோம். உற்றுப் பார்த்தால் பருப்புப் பொடிக்குப் பின்னால் காக்காய் எச்சம் தெரியும். பார்க்காதீர்கள்.

அதே மூன்று நாளும் மெயிலில் ஒரு ஆர்டரும் வரவில்லை. கண் பட்டுவிட்டது என்று மனைவி பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னாள். வாடிக்கையாளர் வரும் வழி வேறு, கடிதம் வரும் வழி வேறாம். முதல் வழியைப் புதிய இடத்துக்குத் திருப்பிய பையன் இரண்டாவதை மறந்துபோனான். எம்.எக்ஸ். ரெக்கார்டு என்று அதற்குப் பெயர். அதை எழுதியபின் மெயில் வந்தது. பூசணிக்காய் கூட்டாகிவிட்டது.

ரெண்டு நாள் வேலை இதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஏது? வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில், மொத்தமே 5 கிலோமீட்டர், 2008-இல் வேலை தொடங்கினார்கள். முக்காலே மூணுவீசம் கட்டிவிட்டு, ஆதம்பாக்கத்தில் ஒரு 500 மீட்டர் நில வழக்கில் மாட்டி ஆண்டுக்கணக்கில் நின்றது. தூணுக்கு அடியில் காய்கறி வாங்கியே ஒரு தலைமுறை வளர்ந்தது. எங்களுக்கு மாட்டிய 500 மீட்டர், ஸ்டிக்கர்.

கடை தொடங்கிய வருஷம் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் அடிக்க சிவகாசியில் சொன்னோம். 5000-க்குக் குறைந்து எடுக்கமாட்டோம் என்றார்கள். சரி என்றோம். ஸ்கேன் செய்கிற கட்டமும் அதிலேயே உண்டு. அப்போது நாங்கள் வெப்சைட்டுக்குச் சொந்தப் பெயர் வாங்கியிருக்கவில்லை. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது பழைய கம்பெனி இரவல் கொடுத்த முகவரி. வாடகை வீட்டுச் சுவரில் நம் பெயரைக் கல்லில் வெட்டின மாதிரி. வீடு காலி செய்தால் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரமுடியுமா?

"ரீடைரக்ட் போட்டுடலாம்" என்றான் பையன். பழைய முகவரிக்கு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, நிரந்தரமாக இடம் மாறிவிட்டார்கள், இங்கே போங்கள் என்று அனுப்புவதற்கு 301 என்று எண். தற்காலிகம் என்றால் 302. கேட்கவே எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! ஆனால் அந்த அறிவிப்பைப் பழைய வீட்டு வாசலில்தான் மாட்டவேண்டும். பழைய வீட்டை நான் காலி செய்து, சாவியும் கொடுத்து, ஒரு மாச வாடகை மிச்சம் என்று பெருமையும் பேசியாகிவிட்டது. ஸ்கேன் செய்தால் இப்போது 404, அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதில் ஒரு சின்ன ஆறுதல். 1994-இல் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் இலவச மனை. ஹாலிவுட், சிலிக்கான்வேலி என்று பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கதவு எண்கூடக் கொடுத்தார்கள். 1999-இல் யாகூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. பேட்டையோடு காலி. கூகுளும் கடை விவரத்தோடு சேர்த்துக் கொடுத்துவந்த இலவசக் குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. பழைய முகவரிக்கு வந்தவர்களை ஜூன் 10 வரை கடை விவரத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அப்புறம் அதுவும் இல்லை. வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியை மாற்றித் தொலைக்காதீர்கள் என்று 1998-இலேயே ஒரு கட்டுரை எழுதிவைத்தார். அவர் ஆதம்பாக்கம் வந்து எங்கள் தெரு வாசல்களைப் பார்த்திருந்தால் அவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் 3000 ஸ்டிக்கரையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஆவக்காய் ஊறிவிடும். "காசு கொடுத்து அடிச்சது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் புதிய கட்டத்தைக் குட்டி குட்டியாக அச்செடுத்து வந்தாள். பழைய கட்டம் இடது பக்கம் அப்படியே இருக்க, வலது பக்கம் புதியதை ஒட்டி, மேலே மார்க்கர் பேனாவால் எழுதினாள்: பழைய எண், புதிய எண். பையன் வாயைத் திறக்கவில்லை. 301 என்பது இதுதான், கொஞ்சம் கோந்து கூட.

ஆகவே, எங்கள் பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து வலது பக்கத்துக் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டும் வேலை செய்யாவிட்டால் பாட்டிலைத் திருப்புங்கள், போன் நம்பர் இருக்கும், அது மாறவில்லை. மாவடு மட்டும் கேட்காதீர்கள், இப்போது ஸ்டாக் இல்லை. மாசிக் கடைசியில் வரும்.