வழிகாட்டியோடு வழி தவறுபவர்

மனித நடமாட்டமே இல்லாத இடத்துக்குப் போக ஆசைப்பட்டு, அதற்காகப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் கொண்ட வரிசையில் இடம் பிடிப்பவரே கான்வாய்ப் பயணி. கரடுமுரடான மலைத்தடத்தில் தன்னந்தனியாக வண்டி ஓட்டுவது இவருடைய லட்சியம். முன்னால் வழிகாட்டியின் வண்டியும் பின்னால் மெக்கானிக்கின் வண்டியும் வரும் என்று உறுதியானால்தான் முன்பணம் கட்டுவார். ஆபத்தும் வேண்டும், அது காலைப் பலகாரத்துக்குப் பிறகு வர வேண்டும், இருட்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். குர்கான், புணே, பெங்களூரு, கோயம்புத்தூர் என எல்லா ஊரிலும் இவர் இருக்கிறார். கட்டட ஒப்பந்தம், பல் மருத்துவம், மென்பொருள் எனத் தொழில் எதுவாகவும் இருக்கலாம். ஆண்டில் ஐம்பத்தொரு வாரம் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் என்பது மட்டும் பொதுவான அம்சம்.

இவரை முழுமையாகக் காணத் தகுந்த இடம் ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. சிம்லாவில் தொடங்கி, கின்னோர் வழியாக ஏறி, தாபோ, காஸா, குன்சும் கணவாய், சந்திரதால் ஏரி என்று சுற்றி மணாலியில் இறங்குவது வழக்கமான பாதை. குன்சும் கணவாய் பனி விலகி ஜூன் வாக்கில் திறக்கும்; அக்டோபர், நவம்பரில் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட மாதங்களே இவருடைய பருவம்.

இவரை அடையாளம் காட்டுவது முதலில் வண்டி. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, டொயோட்டா ஃபார்ச்சூனர் ஆகியவை பரவலாகத் தென்படும். 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன மாருதி ஜிப்சியை இன்னும் ஓட்டுபவருக்குக் கூட்டத்தில் தனி மரியாதை. இவ்வகை வண்டிகளில் ‘ஃபோர்-லோ’ என்றொரு நிலை உண்டு. அதைப் போட்டால் வேகம் குறையும். நான்கு சக்கரத்துக்கும் போகும் திருகுவிசை இரண்டு மடங்கு அளவுக்குக் கூடும். பெருங்கற்கள் மேல் ஊர்ந்து ஏறுவதற்காக அமைத்த இந்த வசதியைப் பயணி ஸ்பிதிக்கு முன் ஒரே ஒருமுறை பயன்படுத்தியிருப்பார். உறவினர் கல்யாண மண்டபத்தின் வாசலில் லேசாகச் சேறாக இருந்தபோது அது நடந்திருக்கும். அன்று மற்ற விருந்தினர்கள் அதே இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள்.

வண்டியின் எண்கள் எல்லாம் இவருக்கு மனப்பாடம். தார் வைத்திருப்பவர் என்றால், 650 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரில் இறங்கலாம், தரையிலிருந்து அடிப்பாகம் 226 மில்லிமீட்டர் உயரம், முன்பக்க ஏறுகோணம் 41.8 பாகை என்று தூக்கத்திலும் சொல்வார். தெரியாத எண் ஒன்றுதான்: தான் குடியிருக்கும் அடுக்ககத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தின் உயரம். கூரைமேல் இரும்புத் தட்டு, அதன்மேல் மடக்குக் கூடாரம், அதன்மேல் எல்இடி விளக்குப் பட்டை என்று அடுக்கியபின் வண்டி உள்ளே நுழையாது. இமயமலை ஏறத் தயாரான வாகனம் அன்று முதல் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கும். குடும்பத்தின் சின்னக் கார் அடித்தளத்தில் நிழலாக இருக்கும்.

துணைக்கருவிகள் தேவையை ஒட்டி வாங்கப்படுவதில்லை. பக்கத்து வண்டியில் என்ன இருக்கிறது என்பதை ஒட்டி வாங்கப்படுகின்றன. இன்ஜினுக்குக் காற்றை மேலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல், மணலில் சக்கரத்தடியில் செருகும் பலகை, மண்வெட்டி, ஜெர்ரிகேன் ஆகியவை கட்டாயம். வண்டியின் முகப்பில் புல்பார் என்ற இரும்புத் தடுப்புச் சட்டமும் இருந்தது. 2017 கடைசியில் மத்திய அரசு அதைத் தடை செய்த பிறகு சிலர் கழற்றினார்கள். மற்றவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். ஜெர்ரிகேனில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல் சுற்று முழுவதும் பின்னிருக்கைக்குப் பின்னால் பயணம் செய்து அப்படியே வீடு திரும்பும். காஸாவிலேயே 3,740 மீட்டர் உயரத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கிருந்து மணாலி சுமார் 200 கிலோமீட்டர்தான். நடுவில் பெட்ரோல் வாடையால் வரும் தலைவலியை எல்லோரும் மலை உயரத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பயணத்தின் முதல் சடங்கு, சிம்லா விடுதியில் நடக்கும் விளக்கக் கூட்டம். உயிருக்கும் உடைமைக்கும் அமைப்பாளர் பொறுப்பல்ல என்ற தாளில் பயணி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இரவு உணவுப் பட்டியலைத்தான் வரி வரியாகப் படிப்பார். கற்பாதையில் டயர் காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐ-யிலிருந்து 25 அளவுக்கு இறக்க வேண்டும், அப்போது டயர் தரையை அகலமாகப் பற்றும், கல்லின் குத்தலையும் தாங்கும் என்று வழிகாட்டி விளக்குவார். மலைப்பாதையில் மேலே ஏறும் வண்டிக்கே முதல் உரிமை என்றும் சொல்வார். அடுத்து ஒவ்வொரு வண்டிக்கும் வரிசை எண் ஒட்டி, ஒரு வாக்கி-டாக்கியும் கொடுப்பார்கள். வழிகாட்டியின் வண்டிக்கு அடுத்த இரண்டாம் இடம் கிடைத்தவர் அதைப் பட்டமாகக் கொண்டாடுவார். யாருக்கு அனுபவம் மிகக் குறைவோ அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி போக வசதியாகத்தான் அந்த இடம் தரப்படுகிறது என்பதை எந்த வழிகாட்டியும் வெளியே சொல்வதில்லை. தொழில் நடக்க வேண்டும் அல்லவா?

வாக்கி-டாக்கி கைக்கு வந்ததும் பயணியின் பேச்சு மாறிவிடும். வீட்டில் “ம்” என்பதற்குமேல் பேசாதவர், “பள்ளம், இடப்பக்கம், ஓவர்” என்று அறிவிப்பார். அந்தப் பள்ளத்தை முன்னால் போனவர்கள் ஏற்கெனவே அறிவித்திருப்பார்கள். எனவே ஒரே பள்ளம் பன்னிரண்டு முறை வானலையில் கடந்து போகும். இரண்டாம் நாள் இந்த அறிவிப்பு ஆட்டுமந்தைக்கும் தேநீர்க் கடைக்கும் விரியும். மூன்றாம் நாள் பொத்தானை விட மறந்த ஒருவருடைய குடும்பச் சண்டை கான்வாய் முழுவதற்கும் ஒலிபரப்பாகும். அதன்பின் எல்லோரும் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவார்கள்.

சிம்லா வழியாக ஏறுவதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. சிம்லா சுமார் 2,200 மீட்டர், கல்பா 2,900-க்கு மேல், தாபோ 3,300-ஐ ஒட்டி, காஸா 3,700-ஐ ஒட்டி என்று உயரம் படிப்படியாகக் கூடும். ரத்தமும் மூச்சும் அதற்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். மணாலியிலிருந்து நேரே ஏறுபவர் ஒரே நாளில் 4,500 மீட்டரைத் தாண்டிவிடுவார். அன்றிரவே வாந்தி, தலைவலி தொடங்கும். பயணிக்கு இது தெரியும். தெரிந்ததால் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு மணிக்கொரு முறை பார்ப்பார். தன் அளவு 91, பக்கத்து வண்டிக்காரருடையது 88 என்றால் மனம் நிறைந்துவிடும். ஆக்சிஜன் அளவிலும் முந்தல் பிந்தல் உண்டு.

வழியில் உள்ள பழமையை இவர் மதிப்பிடும் முறை தனி. தாபோ மடம் 996-இல் நிறுவப்பட்டது. மண்சுவர்களுக்குள் ஆயிரம் ஆண்டு ஓவியங்கள் இருக்கின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை என்று தெரிந்ததும் பயணி வெளியிலேயே நின்று வண்டியைப் படம் எடுப்பார். ஹிக்கிமில் 1983 முதல் இயங்கும் அஞ்சலகம் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்று தனக்குத் தானே ஓர் அஞ்சலட்டை எழுதுவார்: “நலமாக இருக்கிறேன்.” அட்டை வந்து சேரும்போது இவர் சளிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பயணத்தின் உச்சம், குன்சும் கணவாயைத் தாண்டி பாதால், சத்ரு வழியாக கிராம்ஃபூ வரை நீளும் கற்பாதை. உருகும் பனி ஓடைகளாகச் சாலையின் குறுக்கே பாயும். ஊர்க்காரர்கள் இவற்றை நாலா என்பார்கள். இரவுக் குளிரில் உருகல் குறைவதால் விடியற்காலையில் தண்ணீர் வடிந்திருக்கும். வெயில் ஏற ஏற ஓடை பெருகி, பிற்பகலில் கற்களை உருட்டிக்கொண்டு வரும். ஆகவே ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது விதி. ஆறு மணிக்கு ஒருவர் ட்ரோன் பறக்கவிடுவார், ஒருவர் வெந்நீர் கேட்பார், ஒருவர் கூரைக் கூடாரத்தை மடிக்கும் காணொளியைத் தேடுவார், அங்கே சிக்னல் இருக்காது. ஒன்பதரைக்குக் கான்வாய் கிளம்பும்; பதினொன்றரைக்கு ஓடையின் முன் நின்று, இயற்கையின் சீற்றம் பற்றிப் பேசும்.

வழிகாட்டி பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஆழம் பார்ப்பார். அக்கரையில் நின்று கையால் இடம், வலம் காட்டுவார். கையைப் பார்த்து, முதல் கியரில், ஒரே சீராக வந்தால் போதும். பயணிக்கோ கேமரா பக்கவாட்டில் இருப்பது நினைவுக்கு வரும். தண்ணீர் இருபுறமும் இறக்கை போல எழும்ப வேண்டும் என்று வேகமாக இறங்குவார். நடுவில் ஒரு பாறை அவரை நிறுத்திவிடும். இழுத்தால் நீண்டு, அந்த முறுக்கில் வண்டியைச் சுண்டி வெளியே எடுக்கும் நைலான் கயிற்றை மெக்கானிக் கொண்டுவருவார். பயணியின் சொந்தக் கயிறு அவருடைய வண்டியிலேயே இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரிக்க மனம் வராது. ஐந்து நிமிடத்தில் முடிந்த இந்த மீட்பு, ஊர் திரும்பியபின் முக்கால் மணி நேரக் கதையாகும்.

இந்த நேரத்தில்தான் காஸாவிலிருந்து வரும் ஹிமாசல அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து வந்து சேரும். பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே விசை போகும் சாதாரண வண்டி; ஸ்நார்க்கல் கிடையாது, ஃபோர்-லோ கிடையாது. உள்ளே பள்ளி ஆசிரியர், பட்டாணி மூட்டை, தூங்கும் குழந்தை. ஓட்டுநர் ஹாரன் அடித்து வழி கேட்டு, ஓடையைக் கடந்து போய்விடுவார். அந்தக் காட்சி எந்தப் பயணியின் காணொளியிலும் இடம்பெறாது.

பயணியின் மனைவி இந்தப் பயணத்தில் வரைபடம் பார்ப்பவர், கேமராக்காரர், மருந்துப்பெட்டிக்குப் பொறுப்பாளர். அடுத்த கழிப்பறை எத்தனை கிலோமீட்டரில் என்று கேட்கும் ஒரே ஆளும் அவர்தான்; அது கான்வாய் முழுவதற்கும் தேவையான தகவல். ஆக்ஸிமீட்டர் பார்த்துப் பார்த்துக் கணவருக்குத் தலைசுற்றல் வரும் நாளில் அவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். வழிகாட்டியின் கையைப் பார்த்து, முதல் கியரில், ஒரே சீராக நாலாவைக் கடப்பார். வாக்கி-டாக்கியில் எதுவும் சொல்ல மாட்டார். “வண்டி நல்ல வண்டி” என்பார் கணவர்.

முகாம், சந்திரதால் ஏரிக்குச் சில கிலோமீட்டர் முன்னால். 2005-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஏரி என்பதால் கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை. கடைசித் தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். எந்தப் பாறையிலும் ஏறும் வண்டியோடு வந்தவருக்குப் பயணத்திலேயே கடினமான பகுதி இந்த நடைதான். முகாமில் கட்டில், கம்பளி, சூடான ராஜ்மா எல்லாம் அமைப்பாளர் ஏற்பாடு. சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 86 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. முகாமில் எல்லோருக்கும் இது தெரியும். பயணி மட்டும் பட்டியலில் இல்லாத தன் சொந்த அடுப்பில் அரிசி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ராஜ்மா வரிசையில் நிற்பார். கூரைக் கூடாரத்தில்தான் தூங்குவேன் என்று ஏணியில் ஏறியவர், நள்ளிரவில் குளிர் தாங்காமல் இறங்கிவந்து கம்பளிக் கட்டிலைத் தேடுவார்.

வழிகாட்டி இவருக்கு நேர் எதிரான பிறவி. பள்ளத்தாக்கில் பிறந்தவர், ஊருக்குள் ஓட்டுவது பழைய ஆல்ட்டோ. மேகத்தைப் பார்த்துவிட்டு “இன்று வேண்டாம்” என்று சொல்வதுதான் அவருடைய வேலையில் பெரும்பகுதி. பன்னிரண்டு பேருடைய வீரத்தையும் கட்டி மேய்த்து, ஒருவருக்கும் தான் மேய்க்கப்படுவதாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வது மீதி. தவறாக வண்டி ஓட்டியவரிடம் “அருமையாக முயன்றீர்கள், சார்” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே பலர் அடுத்த ஆண்டும் வருகிறார்கள்.

2020-இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பயணம் முடிந்ததாகக் கொள்ளலாம். அந்தப்பக்கம் தார்ச்சாலை, சிக்னல், மணாலியின் போக்குவரத்து நெரிசல். ஊர் திரும்பியபின் இரண்டு வாரம் வண்டியைக் கழுவ விடமாட்டார். அலுவலக வாசலில் சேறு நன்றாகத் தெரியும் பக்கமாக நிறுத்துவார். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் ஓய்ந்ததும் அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் வரும். ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் பயணி ‘நிபுணர்’ என்று எழுதுவார். அமைப்பாளர் அதைப் படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் இரண்டாம் எண்ணை ஒதுக்குவார்.