இன்ட்டு அங்கிள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் வழி கேட்பதானால் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். இன்ட்டு அங்கிளிடம் மாட்டினால், போக வேண்டிய இடத்தைச் சொல்ல மாட்டார். அது எங்கெங்கே இல்லை என்று சொல்வார். "வீலர் ரோட்டுல இல்ல. அசாயே ரோட்டுல இருக்க சான்ஸே இல்ல. ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கமும் கெடையாது. இப்ப நீங்களே யோசிங்க." நாம் யோசித்து முடிப்பதற்குள் ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்க ஆரம்பித்திருப்பார்.

பழைய கன்டோன்மென்ட் பக்கம் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. மாதிரி ஏதோ ஒன்றில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில், வாழ்நாளெல்லாம் 'ரிஜெக்ட்' முத்திரை குத்தியவர். ரிடையரானதும் முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கையை வாங்க முடியவில்லை. இப்போது அந்தக் கையில் சீவிய பென்சில்.

காலையில் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தியைத் தாண்டி நேரே சுடோகு. 81 கட்டம். காலிக் கட்டத்தில் ஒன்பது எண்ணையும் பொடியாக எழுதி, ஆகாததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். ஆரம்பத்தில் 17 எண்ணாவது கொடுத்திருந்தால்தான் ஒரே விடை வரும், 2012-லேயே நிரூபித்துவிட்டார்கள் என்று இளநீர்க்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் பதிலுக்கு ஒரு காயைத் தட்டிப் பார்த்து ஒதுக்கி வைத்தார். அன்றிலிருந்து அங்கிளுக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஆனால் அங்கிளின் வேதம், 1962-ல் 'லைஃப் இன்டர்நேஷனல்' பத்திரிகையில் வந்த வரிக்குதிரைப் புதிர்தான். ஐந்து வீடு, ஐந்து நாட்டுக்காரர். ஆளுக்கொரு பிராணி, ஒரு பானம், ஒரு சிகரெட். வரிக்குதிரை யாருடையது? கொடுத்த குறிப்பு எதிலும் வரிக்குதிரை என்ற பேச்சே இருக்காது. மற்றதையெல்லாம் அடித்த பிறகு ஜப்பான்காரர் வீட்டில் வந்து நிற்கும்.

இப்படிப்பட்டவர் மார்க்கெட்டுக்குப் போனால் கத்தரிக்காய்க் கடை என்ன ஆகும்? "அங்கிள், நீங்க வேணாம்னு தள்ளுனதை எடை போட்டுத் தரட்டா? அதுதான் ஜாஸ்தியா இருக்கு" என்று கடைக்கார அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார்.

அவர் குடியிருக்கும் கட்டடத்திலும் ஐந்தே வீடு. சென்ற வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் வாசலில் பேப்பர் இல்லை. உடனே மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் அட்டவணை ஏறியது. கீழ் வீட்டுக்காரர் கன்னடப் பேப்பர் தவிர வேறு தொடமாட்டார்: இன்ட்டு. ஆங்கிலோ இந்திய டீச்சரம்மா விடிவதற்கு முன்பே பூசைக்குப் போய்விடுவார்: இன்ட்டு. தெலுங்கு பேங்க் ஆபீசர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறார். பூட்டின்மேல் விரலை வைத்துத் தூசியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இன்ட்டு விழுந்தது. மிச்சம், இரண்டாம் மாடி மலையாளி வீட்டுப் பையன். பென்சில் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போடக் கிளம்பியது.

"அவர் இல்லப்பா. ஆறு மணிக்கு மொட்டை மாடியிலதான் இருந்தார்" என்றாள் அங்கிளின் மகள்.

சாட்சி பலமாக இருந்தது. இன்ட்டு. நான்கு வீடும் தீர்ந்துபோயிற்று, ஐந்தாவது அவருடையது. எதிலோ தப்பு என்று முதலிலிருந்து சரிபார்த்தார். பூட்டை இன்னொரு தடவை போய்ப் பார்த்தார். பத்து மணிக்குக் காபித் தம்ளரை எடுக்க வந்த ஆன்ட்டி, "இன்னிக்குப் பேப்பருக்கு லீவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கிளுக்குக் கோபம், அதுவும் ஆன்ட்டி மேல்: "இதை முதல்லயே சொன்னா ஒரு காலம் சேர்த்திருப்பேன்ல?"

அந்தப் பையன் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் இருந்தது மகளுக்கு எப்படித் தெரியும் என்பதற்கும் அட்டவணையில் ஒரு காலம் இல்லை. கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியும், டீச்சரம்மாவுக்குத் தெரியும், இளநீர்க்காரருக்குக்கூடத் தெரியும்.

தை மாதம் அங்கிள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். மாப்பிள்ளை மேல்வீட்டுப் பையன்தானா என்று கேட்டேன்.

"வேற யாரா இருக்க முடியும்? மத்த மூணு வீட்லயும் கல்யாண வயசுல பையனே கெடையாதே" என்றார்.