கையைப் பின்னால் கட்டிக்கொள்பவர்

ஆர்பிட்டர், அதாவது செஸ் நடுவர், பரீட்சையில் தேறிய சூட்டோடு முதல் செஸ் போட்டிக்கு வருகிறவரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். பழைய ஆர்பிட்டர்கள் உள்ளே நுழைந்ததும் பிளக் பாயின்ட் எங்கே, டீ எங்கே என்று பார்ப்பார்கள். புதியவர் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒட்டியிருக்காது. அவரே எழுதி ஒட்டுவார். பத்து மணிக்குள் அதற்குக் கீழேயே நாலு அம்மாக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

இடம் கூடுவாஞ்சேரி. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடத்து ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டு வண்டியிலும் டூவீலர்களிலும் ஊரப்பாக்கம், பொத்தேரி, மறைமலை நகர்ப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்து, வேட்டி கட்டிய குதிரைத் ‘தம்பி’ ஊரெங்கும் கைகூப்பி நின்றாரே, அதிலிருந்தே இந்தக் கூட்டம்தான். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபிறகு கேட்கவே வேண்டாம். ஐந்து வயது வாண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் போர்டுக்கு மேலே மூக்கு மட்டும் தெரிகிறது. பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப்பக்கம் அதனுடைய அப்பா. அவர் கண்ணில் சிங்கப்பூர் தெரிகிறது.

புதியவருக்குச் சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டங்களின் முன்னுரையில், எல்லாச் சூழ்நிலைக்கும் விதி எழுதிவிட முடியாது, ஆர்பிட்டருக்குத் திறமையும் தீர்ப்பறிவும் முழு நடுநிலையும் இருக்கிறது என்று நம்பித்தான் இதை எழுதியிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு பத்தி வரும். அதைத் தன் பெயருக்கு வந்த கடிதமாகவே அவர் எடுத்துக்கொண்டிருப்பார். தாம்பரத்தில் ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரியில் இறங்குவதற்குள் இன்னொரு தரம் படித்தும் இருப்பார். ஆனால் அவரைக் கவிழ்க்கப்போவது அந்தப் பத்தி அல்ல. பன்னிரண்டாம் பிரிவில் ஓரமாகக் கிடக்கும் வேறொரு வரி. எதிராளி ஆடி முடித்துவிட்டார் என்றோ, நீ கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டாய் என்றோ ஆர்பிட்டர் ஆட்டக்காரரிடம் சொல்லக்கூடாது.

படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஹாலில் ஒரு சிறுமி பிரமாதமாக ஒரு மூவ் ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்தாமல், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எதிராளியைப் பார்த்துச் சிரிக்கிறாள். எதிராளிப் பையன் விவரமானவன். சீலிங் ஃபேனைப் பார்க்கிறான். ஓடுவது அவளுடைய நேரம். ஐந்து நிமிஷம், நாலரை, நாலு. புது ஆர்பிட்டர் பக்கத்திலேயே நிற்கிறார். இருமலாமா? கூடாது. கடிகாரத்தைப் பார்க்கலாமா? பார்த்தால் அவளும் பார்ப்பாள். இந்த இடத்தில்தான் அவருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அனுபவப்பட்ட ஆர்பிட்டர்களைப் பாருங்கள், கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். அவிழ்த்துவிட்டால் அந்தக் கை தானாகப் போய் ஏதாவதொரு கடிகாரத்தை அமுக்கிவிடும்.

ஒருவழியாக அவர் அதிகாரம் செலுத்த ஒரு வாய்ப்பு வரும். யாரோ ஒரு பையன், தன் ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் குதிரையை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிடுவான். எதிராளி கை தூக்குவான். இவர் பாய்ந்து போவார். “இல்லீகல் மூவ்! உனக்கு ரெண்டு நிமிஷம் எக்ஸ்ட்ரா. நீ இன்னொரு தடவை பண்ணினா கேம் போயிடும்!” தீர்ப்பு அட்சரசுத்தம். அடுத்து அந்த இரண்டு நிமிஷத்தைக் கடிகாரத்தில் ஏற்ற வேண்டும். பரீட்சையில் இதற்கு மார்க் வாங்கினார்தான். இப்போது ஒரு பட்டனை அமுக்குவார், அது கீச்சென்று கத்தும். இன்னொன்றை அமுக்குவார், ஏதேதோ எண் மின்னும். எட்டு வயது எதிராளி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வான்: “அங்கிள், நடு பட்டனை மூணு செகண்ட் அமுக்கிப் பிடிங்க. அப்புறம்தான் மாத்த முடியும்.” செக்கில் ராஜாவை விட்டவனும் தலையாட்டி ஆமோதிப்பான். அந்த போர்டில் அன்றைக்கு மூன்று பேரும் ஒருமனதாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டச் மூவ் பஞ்சாயத்து இதைவிடக் கஷ்டம். தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும் என்பது விதி. “அங்கிள், இவன் பிஷப்பைத் தொட்டான்.” “தொடல அங்கிள், சட்டை கை பட்டுச்சு.” “தொட்டான் அங்கிள், காட் ப்ராமிஸ்.” “அம்மா மேல சத்தியமா தொடல அங்கிள்.” சத்தியங்களின் தரவரிசை எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. புகார் சொன்னவன் தன் காயைத் தொட்டு ஆட ஆரம்பித்துவிட்டால் புகார் சொல்லும் உரிமை போய்விடும் என்பது மட்டும்தான் இருக்கிறது. சாட்சி இல்லை, சட்டையில் ரேகை இல்லை. புது ஆர்பிட்டர் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். இரண்டுமே மகாத்மாவின் முகமாக இருக்கும்.

சில கேள்விகளுக்கு இவர் மனதுக்குள் சிரிப்பார். “அங்கிள், ரூக்கை அட்டாக் பண்ணும்போது கேஸ்லிங் பண்ணலாமா?” பண்ணலாம், ராஜாவுக்குத்தான் கட்டுப்பாடு, ரூக்குக்கு இல்லை. இதுகூடத் தெரியாமலா வருகிறார்கள் என்று நினைப்பவருக்கு ஒரு தகவல். 1974-இல் மாஸ்கோவில் கார்போவுக்கு எதிரான கேண்டிடேட்ஸ் இறுதியில், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான கோர்ச்னோய் ஆர்பிட்டரிடம் எழுந்துபோய் இதே கேள்வியைத்தான் கேட்டார். பதில் கிடைத்ததும் வந்து கேஸ்லிங் செய்தார், அந்த ஆட்டத்தை ஜெயிக்கவும் செய்தார். ஆகவே சிரிப்பை விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதுதான் உத்தமம். “இது மேட்டா அங்கிள்?” என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. அப்போது ஃபேனைப் பார்க்க வேண்டியது ஆர்பிட்டரின் முறை.

முதல் தடவை போகிற யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், விதிப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுக்கூடப் போங்கள். சட்டைப் பையில் நாலு ராணி இல்லாமல் போகாதீர்கள். வெள்ளையில் இரண்டு, கறுப்பில் இரண்டு. சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாகும் நேரத்தில் வெட்டுப்பட்ட ராணி எங்கே என்று தெரியாது. எதிராளியின் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருக்கும், அல்லது பெஞ்சுக்கடியில் உருண்டிருக்கும். உடனே பிள்ளைகள் ஒரு ரூக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து “குயின்!” என்பார்கள். தெருவில் செல்லும். போட்டியில் கவிழ்ந்த ரூக்கும் ரூக்குதான். 2017-இல் கனடா தேசிய சாம்பியன் பட்டமே இதில்தான் போனது. நோரிட்சின் என்கிற ஆட்டக்காரர் டைபிரேக்கரில் அவசரத்தில் ரூக்கைக் கவிழ்த்து வைத்து ராணியாக ஆடப்போனார். ஆர்பிட்டர் குறுக்கே வந்து அது ரூக்தான் என்றார். வேண்டிய கறுப்பு ராணி அந்த நேரம் எதிராளி சாம்புயேவின் கையில் இருந்தது வீடியோவில் தெரிந்தது. உலகமே அந்த ஆர்பிட்டரைத் திட்டித் தீர்த்தது. தீர்ப்பு மாறவில்லை. அவர் பையில் ஒரு ராணி இருந்திருந்தால் அவரை யாருக்குமே தெரிந்திருக்காது. நல்ல ஆர்பிட்டரை யாருக்கும் தெரியாது என்பதுதான் இந்த வேலையின் சம்பளம். ரொக்கமாக வருவதைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

அதிகாரத்துக்கு ஏங்குகிறவர் நியூயார்க்கைப் பார்ப்பார். 2024 டிசம்பர் உலக ரேப்பிட் போட்டியில் ஜீன்ஸ் போட்டு வந்த முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனுக்கு ஆர்பிட்டர்கள் 200 டாலர் அபராதம் போட்டார்கள். உடை மாற்றமாட்டேன் என்றதும் அடுத்த சுற்றில் அவருக்கு எதிராளியே போடவில்லை. அந்த வீரக்கதையை நெஞ்சில் சுமந்துகொண்டு, ஸ்பைடர்மேன் பனியனும் ரப்பர் செருப்புமாக வந்த ஒன்றாம் வகுப்புக்காரனை சீஃப் ஆர்பிட்டரிடம் அழைத்துப் போவார். சீஃப் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: “விடுப்பா. கார்ல்சன் மூணே நாள்ல ஜீன்ஸோட வந்து பிளிட்ஸ் ஆடிட்டாரு. இவனுக்கு மூக்கு ஒழுகுது பாரு, அதைத் துடைச்சுவிட்டுக் கூட்டிட்டுப் போ.”

பிள்ளைகளை ஒருவாறு சமாளிக்கலாம். கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்கள் வேறு ஜாதி. ஹாலின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். காலையில் அது நேராக இருக்கும். மதியத்துக்குள் நடுவில் வயிறு வைத்துவிடும். பார்வையாளர் ஏதாவது தவறைக் கண்டால் ஆர்பிட்டரிடம் மட்டுமே சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்பாக்கள் அதற்கு முழு மரியாதை கொடுத்து, எல்லாவற்றையும் ஆர்பிட்டரிடமே சொல்வார்கள். போன் கேமராவை ஜூம் செய்து போர்டைப் படித்துவிட்டு, “சார், எதிர்ப்பையன் டேபிளை ஆட்டறான்”, “சார், அந்தப் பொண்ணு முணுமுணுக்குது, டிஸ்டர்பன்ஸ் இல்லையா?” அம்மாக்கள் இன்னும் நுட்பம். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டிலைக் காட்டுவார்கள். பாட்டில் மூடி திறந்திருந்தால் ஒரு அர்த்தம், மூடியிருந்தால் வேறு அர்த்தம் என்று புதியவருக்கு மூன்றாவது சுற்றில் சந்தேகம் வந்துவிடும். உண்மையில் அந்தம்மா தண்ணீர் குடிக்கத்தான் சொல்லியிருப்பார்.

தோற்றுவிட்டு வரும் பிள்ளை வாசலைத் தாண்டியதும் அழும். அப்பா அதன் ஸ்கோர்ஷீட்டை வாங்கி, போனில் ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் மென்பொருளில் போட்டுப் பார்ப்பார். ஐந்து நிமிஷத்தில் கயிற்றருகே திரும்பி வருவார். “தம்பி, கொஞ்சம் வாங்க. இருபத்திரெண்டாவது மூவ்ல என் பையனுக்கு பிளஸ் ஏழு. பிளஸ் ஏழு இருக்கறவன் எப்படிங்க தோப்பான்?” புது ஆர்பிட்டர் இதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். சொல்லக்கூடாது. பழையவர்கள் “சாப்ட்டீங்களா சார்? பக்கத்துல எலுமிச்சை சாதம் நல்லா இருக்கு” என்பார்கள். பிளஸ் ஏழு ஆறிப்போகும்.

சாயங்காலம் ஐந்து பேர் ஒரே பாயின்ட்டில் முடிப்பார்கள். அதுவரை கேள்விப்பட்டே இராத புக்கோல்ஸ் என்ற பெயரை அன்றைக்குக் கூடுவாஞ்சேரி முழுக்க உச்சரிக்கும். எதிராளிகள் எடுத்த பாயின்ட்டுகளைக் கூட்டி யாருக்கு மேலிடம் என்று பார்க்கும் இந்தக் கணக்கை 1932-இல் சொல்லிவிட்டுப்போன ஜெர்மானியர் புருனோ புக்கோல்ஸ். நாலாவது பரிசு வாங்கியவனின் தாத்தா அவரை நேரில் சந்திக்க ஆசைப்படுவார்.

அதற்குள் மேடையில் கோப்பைகளை அடுக்கியாயிற்று. சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்து வாட்சைப் பார்க்கிறார். ஒரே ஒரு போர்டு மட்டும் முடியவில்லை. ஏழு வயதுக்குட்பட்டோர் பிரிவு. மொத்த ஹாலும் கயிற்றில் சாய்ந்து நிற்கிறது. புது ஆர்பிட்டர் போய்ப் பார்க்கிறார். போர்டில் ஒரு வெள்ளை ராஜா, ஒரு கறுப்பு ராஜா. வேறு ஒரு காயும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் நாக்கைக் கடித்துக்கொண்டு ராஜாக்களைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த நிலை வந்த நொடியே ஆட்டம் டிரா. அன்று முதல்முறையாகத் தயங்காமல் கையை முன்னால் எடுத்து, கடிகாரத்தை நிறுத்தி, “கேம் டிரா, ஷேக் ஹேண்ட்ஸ் பண்ணுங்க” என்கிறார்.

“அங்கிள், எனக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு” என்கிறான் வெள்ளை.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து அவன் அப்பாவின் குரல்: “அதெப்படி சார் டிரா? என் பையன் ராஜா சென்டர்ல இருக்கு சார்!”