பிளான் மாமா

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் கலைந்த கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் செருப்புச் சத்தம் கேட்டால், அது மாமாதான். அம்மா அடுப்படியிலிருந்தே என்னைக் கேட்பார்: "கையில நோட்டு இருக்கா பாரு." நோட்டு இல்லாத மாமா ஒரு டீயோடு போய்விடுவார். நோட்டோடு வந்த மாமா பதினொரு மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்குச் சோறுதான் வைக்க வேண்டும்.

அது கடைக் கணக்கு நோட்டு. கோட்டக்குப்பத்தில் மாமா பைப்புக் கடை வைத்திருக்கிறார். முன்பக்கத்திலிருந்து புரட்டினால் கடன் பாக்கி, பின்பக்கத்திலிருந்து புரட்டினால் டூர். இரண்டும் எங்கோ நடுவில் முட்டிக்கொள்ளும். அந்த ஒரு பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். 'பிவிசி எல்போ 2 டஜன்' என்பதற்கு நேர் கீழே 'பெரியம்மாவுக்கு ஜன்னல் சீட், வாந்தி' என்று எழுதியிருந்தது.

குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர், மையத்து வீட்டில் முன்னால் நிற்கிறவர் எல்லாம் வேறு ஜாதி. அவர்களுக்கு வேலை நடந்தால் போதும். டூர் போடுகிறவருக்கு வேலை நடப்பது அவ்வளவு முக்கியமில்லை, பட்டியல் நிறைவாக இருக்க வேண்டும். மாமா பார்க்காத ஊர்களின் கழிப்பறை நிலவரம்கூட அவருக்குத் தெரியும். "விக்கிரவாண்டி தாண்டி அந்த பங்க்ல போவாதே, தண்ணி வராது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வார். ஒரு பைப்புக் கடைக்காரர் தண்ணி வராது என்றால் நம்பித்தான் ஆக வேண்டும்.

போன வருஷம் மார்ச் மாதம் சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். செம்பவாங் என்ற இடத்தில் ஒரு வெந்நீர் ஊற்று. குழாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. வாளியில் பிடித்து முட்டையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணி கழித்து உடைத்தால் முட்டை வெந்தும் வேகாமலும் தயிர் மாதிரி இருக்கிறது. "பூமிக்கடியிலேர்ந்து வர்ற தண்ணி அத்தா, காஸ் கிடையாது, விறகு கிடையாது" என்று பின்னால் அவள் குரல்.

மாமா அதைப் பதினோரு தடவை பார்த்தார். மாமி ஒரு தடவை பார்த்துவிட்டு, "இங்க இருந்த வரைக்கும் ஒரு முட்டை அவிச்சிருப்பாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே நோட்டில் புதுப் பக்கம். தலைப்பு: 'ஜியோதெர்மல்'. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவதற்கு மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தார். செம்பவாங் ஊற்று 1909-இல் தெரியவந்தது, ஒரு குளிர்பானக் கம்பெனி 1921-இல் இடத்தை வாங்கி அந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றது, 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள், ஊற்றுக்கண்ணில் 70 டிகிரி, அனுமதி இலவசம் என்று எல்லாம் இருந்தது. 'இலவசம்' என்பதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

"எப்படி மாமா தண்ணி தானா சுடுது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ரிட்டர்ன் லைன் மாப்ளே" என்றார். "மழைத் தண்ணி வெடிப்பு வழியா கீழ எறங்குது. ஒரு கிலோமீட்டர் எறங்கினா 25, 30 டிகிரி சூடு ஏறும். அங்க காய்ஞ்சு, ப்ரெஷர்ல இன்னொரு வெடிப்பு வழியா மேல வந்துடுது. கீசர்தான். கரண்ட் பில் வராத கீசர். ஐஸ்லாந்துல வீட்டுக்கு வீடு இந்தச் சூட்டைத்தான் லைன் இழுத்து வுட்டிருக்கான்."

"அப்போ நம்ம பக்கம் ஏன் இல்ல?"

"நமக்குக் கீழ பழைய பாறை. லைன் உடையல."

இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கெடுத்து வைத்திருக்கிறது. அதில் ஒன்றைக்கூட எங்கள் வானூர் வட்டத்துக்குக் கொடுக்கவில்லை என்பதில் மாமாவுக்கு மனத்தாங்கல். அதைவிடப் பெரிய சிக்கல், கடைக்கு மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு. எனவே எந்த டூராக இருந்தாலும் அது ஒருநாள் டூர். இதுவரை அவர் போட்டதெல்லாம் ஒருநாள் டூர்தான், காஷ்மீர் உட்பட.

முதலில் மணிகரண். இமாசலப் பிரதேசம், குலு மாவட்டம், பார்வதி ஆற்றங்கரை. அங்கே குருத்வாராவில் லங்கருக்கு வேண்டிய அரிசி பருப்பை ஊற்று வெந்நீரிலேயே இறக்கி வேக வைக்கிறார்கள். "சாப்பாட்டுப் பிரச்சினை அங்கயே தீர்ந்துச்சு பாரு" என்றார் மாமா. கோட்டக்குப்பத்திலிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் மேலே. எப்படி ஒரு நாளில் என்று கேட்டதற்கு அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்: ராத்திரி கணக்கில் வராது, ஏனென்றால் வீட்டிலிருந்தாலும் தூங்கத்தான் போகிறோம். ரயில் கணக்கில் வராது, ஏனென்றால் உட்கார்ந்தே இருப்பதால் அது ஓய்வு. மாமி கிளம்பும் நேரம் எப்போதுமே கணக்கில் வராது. இதையெல்லாம் கழித்தால் ஊற்றில் முட்டை வேகும் நேரம் மட்டும்தான் டூர். அரை மணி.

அன்று போன ஆட்கள் நான்கு பேர். அதாவது, நோட்டில். பட்டியலும் அன்றே தயார்: சொருகு கட்டை, ஜமுக்காளம், தண்ணி கேன், வாந்திக்குப் பாலிதீன் பை, புளிப்பு மிட்டாய், பதினாலாவதாக 'முட்டை 1 அட்டை'. அட்டைக்கு முப்பது. சிங்கப்பூர் வாளியில் நான்குதான் கிடந்தன, ஆனால் மாமா சில்லறையாக எதையும் வாங்குகிறவர் அல்ல.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆள் கூடக் கூட ஊர் கிட்டே வரும். நான்கு பேர் என்றால் இமாசலம். மணிகரண் விஷயம் எப்படியோ கசிந்து பெரியம்மா காதுக்குப் போனது. "எங்களச் சொல்லல" என்றார். அவ்வளவுதான், ஆள் ஒன்பதானது. ஒன்பது பேருக்கு ரயில் டிக்கெட் போட்டுப் பார்த்த அன்று மணிகரண் மூடப்பட்டது.

அடுத்தது கன்னியா. இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்தில். ராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியது என்று அந்தப் பக்கத்துத் தமிழர்கள் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். "ஏழு கிணறு, ஒம்பது பேரு. சின்னதுங்க மூணும் ஒண்ணு சேர்ந்துக்கட்டும்" என்று மாமா பங்கீட்டையே முடித்துவிட்டார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், நடுவில் நின்றது, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடியது. காங்கேசன்துறையில் இறங்கினால் திருகோணமலை பக்கத்துத் தெரு மாதிரி மாமா பேசினார். வரைபடத்தில் அவருடைய கட்டை விரல் அகலம்தான்.

கன்னியாவைக் கவிழ்த்தது பாஸ்போர்ட். கோட்டக்குப்பத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பஞ்சமில்லை, ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒன்பதில் இரண்டு காலாவதி. ஒன்றில் மாமி, கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் இருந்தார். பெரியத்தா பிரெஞ்சுக் குடிமகன். மாதாமாதம் பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர், அவருக்கு விசா வழியே வேறு. இதைப் பேசித் தீர்க்க ஒரு வெள்ளிக்கிழமை கூடினோம். தீர்க்க வந்தவர்களும் டூரில் சேர்ந்துகொண்டதால் ஆள் பதினெட்டானது. பதினெட்டுப் பேர் என்றதும் கடல் தாண்டுவது தானாக அடிபட்டுப் போனது.

அப்போதுதான் பெரியத்தா கனைத்தார். பிரான்ஸ் சம்பந்தப்படாத எதையும் அவர் உலக விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. "திருவக்கரை போவலாமே. கல்மரம். சொன்னரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1781-லயே வந்து பார்த்து எழுதியிருக்கார்."

"அது வெந்நீரா?" என்றார் மாமா.

"பூமி சமாச்சாரம்."

மாமா நோட்டில் 'ஜியோதெர்மல்' என்ற தலைப்பில் பின்பாதியை அடித்தார். 'ஜியோ' நின்றது. மீதிப் பட்டியலில் கை வைக்கவில்லை.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு கிளம்பினோம். இருபத்தேழு பேர், இருபத்தைந்து சீட் வேன். மடிப் பிள்ளைகளும் ராத்திரி மாதிரி கணக்கில் வராது. வண்டி எடுப்பதிலேயே ஒரு வாரம் வழக்கு நடந்தது. எங்கள் தெருவைத் தாண்டினால் முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். பி.ஒய். வண்டி எடுத்தால் பர்மிட், டி.என். வண்டி எடுத்தால் வாடகை. கடைசியில் டி.என். வண்டி. ஆனால் டீசல் புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் வடமேற்கே போக வேண்டிய டூர், முதலில் தெற்கே போனது. "நாலு மணி, நாலுன்னா மூணே முக்கா" என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். ஏழரைக்கு முத்தியால்பேட்டை பங்கில் நின்றோம். பிரியாணி தேக்சா என் முழங்காலுக்கு நடுவில், தாளிச்சா வாளி மாமியின் காலடியில். பெரியம்மாவுக்கு ஜன்னல் சீட் கொடுத்திருந்தும் பங்கிலேயே பாலிதீன் பை தேவைப்பட்டது.

திருவக்கரை 30 கிலோமீட்டர் இருக்கும். பௌர்ணமி என்றால் வக்ரகாளியம்மன் கோயிலுக்கு வண்டி வண்டியாகக் கூட்டம் வரும் ஊர். மற்ற நாளில் கல் குவாரி லாரியும் புழுதியும்தான். கல்மரப் பூங்காவை 1940-களிலிருந்து புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. வேலிக்குள்ளே செம்மண் மேட்டில் மரங்கள் படுத்திருக்கின்றன. பார்த்தால் நேற்று அறுத்துப் போட்ட மரம், தொட்டால் பாறை. வயது இரண்டு கோடி வருஷம் என்று பலகை சொல்கிறது. குறுக்கே உடைந்த இடத்தில் வயசு வளையம் வளையமாகத் தெரிகிறது, பட்டை உரிந்த தடம்கூட இருக்கிறது. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. எங்கேயோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வந்து, மணலில் புதைந்து, தண்ணீரில் கரைந்த மணல்சத்து உள்ளே ஏறிக் கல்லாகிப் போனவை. நான் அதை வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் மாமா சுருக்கிவிட்டார்: "உப்புத் தண்ணி பைப்பு மாப்ளே. உள்ள படிஞ்சு படிஞ்சு அடைச்சுக்கிட்டது."

உண்மையைச் சொன்னால், அன்று அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நின்றோம். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் எங்களில் பாதிப் பேர் அதுவரை பார்த்ததில்லை. மாமி ஒரு மரத்தைச் சுற்றி வந்து, "எங்க வீட்டு நிலைக்கு இப்புடி ஒண்ணு கிடைச்சா கரையான் ஏறாது" என்றார். அதற்குமேல் பாராட்டு அவரிடமிருந்து எந்த ஊருக்கும் கிடைத்ததில்லை.

பதினொன்றரைக்கு வெயில் தலைக்கு வந்துவிட்டது. சின்னவன் ஒருவன் கல்மரத்தில் உட்காரப் போய், காவலாளி அதட்டுவதற்கு முன்பே அலறிக்கொண்டு எழுந்தான். "சுடுது!" மாமா முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு வெளிச்சம். உள்ளங்கையை மரத்துக்கு மேலே காட்டி, டாக்டர் மாதிரி கண்ணை மூடி, ஐந்து எண்ணினார். "நாப்பத்தஞ்சு இருக்கும்" என்றார். பிறகு வேனை நோக்கி நடந்தார்.

திரும்பி வந்தபோது கையில் முட்டை அட்டை. மணிகரணுக்கு எழுதிய பதினாலாவது அயிட்டத்தை யாரும் அடிக்கவில்லை, எனவே அது வாங்கப்பட்டு, எங்களோடு முத்தியால்பேட்டைக்குப் போய், திருவக்கரைக்கும் வந்துவிட்டது. முப்பதும் பச்சை முட்டை.

காவலாளி எழுந்து நின்றார். "இன்னாங்க அது?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா."

"சும்மான்னா? முட்டையெல்லாம் உள்ள எடுத்தாரக் கூடாதுங்க."

முட்டை கொண்டுவரக் கூடாது என்று பலகையில் எங்கே எழுதியிருக்கிறது என்று மாமா கேட்டார். அந்த ஆள் பலகையைப் படித்துப் பார்த்தார். இல்லை. இருந்தாலும் கூடாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் சர்வீஸில் இந்தக் கேள்வி வந்திருக்காது. மாமி நடுவில் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு வேனுக்குப் போனார். புளியமரத்தடியில் பிரியாணி, லுஹர் தொழுகை, இரண்டு பிள்ளைகளுக்குச் செருப்புக் காணவில்லை, திரும்பினோம்.

வீடு வந்து சேர்ந்தபோது நாலரை. மொட்டைமாடியில் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி காலையிலிருந்து காய்ந்து கிடந்தது. கால் கழுவக் குழாயைத் திறந்த பெரியம்மா "யா அல்லா!" என்று குதித்தார். மாமி அந்தத் தண்ணியையே தேக்சாவில் பிடித்து, சூடு குறையாமல் அடுப்பில் ஏற்றி, முட்டையைப் போட்டார். பாதி நேரத்தில் கொதி வந்துவிட்டது.

வேனில் உடைந்தது நான்கு. மிச்சம் இருபத்தாறு, ஆள் இருபத்தேழு. முட்டை கிடைக்காத ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து லடாக்கில் பூகா என்று ஓர் இடம், கடல் மட்டத்துக்கு 4,400 மீட்டர் மேலே, பனிக்கு நடுவில் வெந்நீர் கொதிக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். போகிற ஆட்கள்: நான்கு.